புல்லுக்குப் போட்ட ஐந்து ஏன்

உட்கார்ந்து புல்லுக்கு ஐந்து ‘ஏன்’ போட்டவர்கள் இந்த உலகத்தில் எங்கள் கம்பெனிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அந்த மேசையில் நானும் இருந்தேன். டீ குடித்தேன், இரண்டு பிஸ்கட்டும் தின்றேன். அதனால் யாரோ சொல்லிக் கேட்ட கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

என் பெயர் இசைவாணி. வீடு படப்பையில். ஒரகடத்தில் கார்களுக்கு பிரேக் பாகங்கள் வார்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சுற்றுச்சூழல் அதிகாரியாக இருந்தேன். அதிகாரி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. எந்தக் குப்பைத் தொட்டிக்கு எந்த நிறம் என்று பார்ப்பது, கழிவுநீர்த் தொட்டி நாறினால் எல்லோரிடமும் திட்டு வாங்குவது, சுற்றுச்சூழல் தினத்தன்று மரக்கன்று வாங்கி வைப்பது, அதை நட வரும் பெரிய மனிதர்களின் ஷூவில் மண் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது. இவ்வளவுதான் வேலை. இத்தனைக்கும் நடுவில் என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் புல்வெளி.

பின்பக்கச் சுவரை ஒட்டி, ஒரு கால்பந்து மைதானம் அளவுக்கு நிலம். முன்காலத்தில் பிள்ளைப்பாக்கம் பக்கத்து ஏரிக்குத் தண்ணீர் இறங்கிய வழி. மண் இளக்கமாக இருக்கிறது என்று கம்பெனி அங்கே கட்டடம் எழுப்பவில்லை. மழை பெய்தால் ஊசிப்புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். அதற்குள் நடந்து போனால் பேன்ட் முழுக்க விதை குத்திக்கொள்ளும். கவுதாரி ஓடும். ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டை வைத்துவிட்டு, கிட்டே போனால் தலைக்கு மேல் பறந்து கத்தும். சித்திரை வந்தால் எல்லாம் பழுப்பாகிப் படுத்துவிடும். அடுத்த மழைக்கு எழுந்து நிற்கும். புல்வெளி பிழைக்கிற விதமே அதுதான், ஆனால் எங்கள் கம்பெனியில் படுத்திருப்பது எதுவானாலும் ரிப்பேர் என்று அர்த்தம்.

சரக்குப் போக்குவரத்துக்காரர்களுக்கு அந்த நிலத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண். டிரெய்லர் நிறுத்த இடமில்லை என்று ஒவ்வொரு மாதமும் அழுவார்கள். நான் மூன்று வருடம் தொண்டை வற்றக் கத்தி, ‘பாதுகாக்கப்பட்ட புல்வெளி’ என்று ஒரு பலகை வைக்க வைத்தேன். பலகையை யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். பிடுங்க முடியாத ஒன்று இருந்தது. எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு திட்டம் வைத்திருந்தார். தன் சப்ளையர்கள் வளாகத்துக்குள் இயற்கை நிலம் எதையாவது காத்து வந்தால், அவருடைய ஆடிட்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் முப்பது வருடத்துக்கு யாரும் அதில் ஒரு செங்கல் வைக்க முடியாது. எனக்கு வேண்டியது அந்தக் கையெழுத்து. அது விழுந்தால் புல்வெளி. விழாவிட்டால் டிரெய்லர். அந்த வருடம் முழுக்க என் தலையில் ஓடியது இது ஒன்றுதான்.

ஆடிட்டுக்கு முன்னால் ஒரு அறிக்கை கேட்டார்கள். காலநிலை மாற்றத்தால் அந்தப் புல்வெளிக்கு என்னென்ன ஆபத்து என்று எழுதித் தர வேண்டும். சென்னையிலிருந்து பிரசன்னா என்று ஒரு ஆலோசகர் வந்தார். வருகிறவர் ஏதோ பழைய அறிக்கையில் ஊர்ப் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். நல்ல மனுஷன், மூன்று நாள் வெயிலில் நடந்து நிஜமாகவே பார்த்து எழுதினார். எல்லா வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் எழுதியதில் பொய் ஒன்றும் கிடையாது. வெயில் மாசியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நின்று பெய்ய வேண்டிய மழை இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. காலம் தப்பி ஒரு தூறல் விழ, அதை நம்பி முளைக்கிற புல், விதை வைப்பதற்கு முன்பே கருகிவிடுகிறது. அது கருகிய இடத்தில் சீமைக்கருவேலம் வந்து உட்காருகிறது. காய்ந்த புல் நாளுக்கு நாள் சேர, ஒரு பொறி போதும். என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தார். கருவேலத்தை வேரோடு எடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை மாடுகளை விட்டு மேய விடுங்கள், தீ பரவாமல் சுற்றிலும் ஒரு பட்டை செதுக்கி வையுங்கள், மற்றபடி சும்மா விட்டுவிடுங்கள்.

இதை ஸ்ரீதர் சாரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர்தான் எங்கள் பிளான்ட் ஹெட். கெட்டவர் இல்லை. யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் போவார், லைனில் ஒருத்தன் மயங்கி விழுந்தால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஒரே ஒரு வியாதிதான். மீட்டிங் பலகையில் ‘ஓப்பன்’ என்று, அதாவது இன்னும் முடியாததாக, ஒரு பாயிண்ட் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

“மாடா?” என்றார். “பிளான்ட் உள்ள மாடு வரணும்னா ஹெல்மெட், சேஃப்டி ஷூ வேணும் இசை. விசிட்டர் பாஸ் வேணும். நாலு காலுக்கு ரெண்டு ஜோடி.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னார்.

“சரி, மாட்டை விடுங்க சார். ‘சும்மா விடுங்க’ன்னு எழுதியிருக்கார் பாருங்க. அதையாவது செய்யலாம்.”

“சும்மா விடறது ஒரு ஆக்‌ஷனா? யாரு பொறுப்பு? எந்தத் தேதிக்குள்ள சும்மா விட்டு முடிப்ப?”

அந்தத் தேதியை நான் இன்றைக்கு வரைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தினமும் காலையில் எல்லா டிபார்ட்மென்ட்காரர்களும் ஒரு பலகை முன்னால் நின்று பேசுவது எங்கள் கம்பெனி வழக்கம். உட்கார்ந்தால் மீட்டிங் நீண்டுவிடும் என்று நிற்க வைப்பார்கள். அந்தப் பலகையில், பிரேக் டிரம் விரிசலுக்கும் கேன்டீன் சாம்பார் புகாருக்கும் நடுவில், ‘புல்வெளி: காலநிலை ஆபத்து: ஓப்பன்’ என்று ஏறிவிட்டது. இரண்டு வாரம் அது அங்கேயே இருந்தது. மூன்றாவது வாரம் ஸ்ரீதர் சாரால் தாங்க முடியவில்லை. “ஐந்து ஏன் போட்டுடலாம்,” என்று எல்லோரையும் மீட்டிங் அறைக்கு அழைத்துப் போய் மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எந்தக் கோளாறு வந்தாலும் ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கு மறுபடியும் ‘ஏன்’. இப்படி ஐந்து முறை கேட்டால் ஆணிவேர் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. போல்ட் ஏன் உடைந்தது என்று தேட அருமையான முறை. குறை சொல்ல மாட்டேன்.

ஸ்ரீதர் சார் மார்க்கரைத் திறந்தார். “புல்வெளிக்கு ஏன் ஆபத்து?”

“காஞ்சு தீப்பிடிக்கலாம் சார்,” என்றேன்.

“ஏன் காயுது?”

“வெயில் ஜாஸ்தி, மழை நேரத்துக்கு வர்றதில்ல,” என்று மெயின்டெனன்ஸ் மேனேஜர் ஏசுவடியான் சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர்.

“ஏன் வர்றதில்ல?”

“காலநிலையே மாறிப்போச்சு சார்,” என்றேன் நான்.

“ஏன் மாறிச்சு?”

“புகைதான் சார். கரி, டீசல், அதுலேர்ந்து வர்ற புகை.”

“வெரி குட். ஐந்தாவது. அந்தப் புகை ஏன் வருது?”

ஜன்னலுக்கு வெளியே எங்கள் உலையின் புகைபோக்கி தெரிந்தது. ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். கண் கூசுகிறதாம்.

ஸ்ரீதர் சார் மார்க்கரை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பிறகு முகம் தெளிந்துவிட்டது. “ஒரு ரூல் மறந்துட்டோம். நம்ம கன்ட்ரோல்ல இல்லாததை ரூட் காஸ்னு எழுதக் கூடாது. ட்ரெயினிங்லயே சொல்லியிருக்காங்க. வெயில் நம்ம கன்ட்ரோல்ல இல்ல. மழை இல்ல. உலகம் இல்ல. இதுல நம்ம கன்ட்ரோல்ல மிச்சம் என்ன இருக்கு?”

யாரோ ஒருத்தர் பின்னாலிருந்து சொன்னார். “புல்லு சார்.”

அவ்வளவுதான். பலகையில் எழுதிவிட்டார்: ‘ரூட் காஸ்: புல்.’

“சார், சீக்காளியையே சீக்குன்னு எழுதறீங்க!” என்று கத்தினேன். மேசையில் தட்டினேன் என்றும் பின்னால் சொன்னார்கள். தட்டியிருப்பேன்.

“நல்ல பாயிண்ட் இசை,” என்றார் ஸ்ரீதர் சார். “ஆனா டைம் ஆயிடுச்சு.”

ரூட் காஸ் கிடைத்துவிட்டால் அடுத்தது நடவடிக்கை. புல் வெயில் தாங்கவில்லை, எனவே நிழல் கொடுப்போம் என்று முடிவானது. நர்சரிகளில் கட்டுவார்களே, அந்தப் பச்சை வலை, அதை முழு நிலத்துக்கும் இரும்புக் கம்பம் நட்டுக் கட்டச் சொன்னார்கள். வேலை ஏசுவடியான் தலையில் விழுந்தது.

“மேடம், இவ்வளவு அகலத்துக்கு வலையக் கட்டுனா காத்துல பாய் விரிச்ச மாதிரி தூக்கிட்டுப் போயிரும். நான் கடல்ல பாத்தவன் சொல்லுதேன்,” என்றார்.

“என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க.”

“சொன்னேன். காத்து நம்ம கன்ட்ரோல்ல இல்லன்னுட்டாரு.”

வலை ஏறியது. கம்பம் நட்டவர்கள் மிதித்ததில் பாதிப் புல் போயிற்று. மிச்சத்துக்கு வெளிச்சம் இல்லை, வெளிறிப்போய் நின்றது. ஆள்காட்டி ஜோடி இரண்டு நாள் வலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கீழே இறங்க வழி தெரியவில்லை அதற்கு. மூன்றாம் நாள் காணோம். காலை மீட்டிங்கில் மட்டும் எல்லோருக்கும் சந்தோஷம், புல்வெளியின் வெப்பம் மூன்று டிகிரி குறைந்துவிட்டதாம்.

மே மாதம் ஒரு மதியம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. இடியும் காற்றுமாய் அரை மணி நேரம். வலை கம்பங்களோடு பிடுங்கிக்கொண்டு கிளம்பி, சுவரைத் தாண்டி, பக்கத்துக் கம்பெனி கேன்டீன் கூரைமேல் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கே சாப்பாட்டு நேரம். உள்ளே இருந்தவர்கள் இருட்டிவிட்டதென்று லைட் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்களாம். ஏசுவடியான் ஏணியை எடுத்துக்கொண்டு வலையை மீட்கப் போனவர், அவர்கள் கொடுத்த தயிர் சாதத்தையும் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

பலகையில் புல்வெளி மறுபடியும் ஓப்பன் ஆனது. பக்கத்தில் புதிதாகப் ‘புயல்காற்று’ என்றும் சேர்ந்துகொண்டது. ஆடிட்டுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. ஓப்பன் பாயிண்ட் இருந்தால் ஆடிட்டே கிடையாது. ஆடிட் இல்லையென்றால் டிரெய்லர். போக்குவரத்துக்காரர்கள் இப்போதே டேப்பைப் பிடித்து அளக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீதர் சார் மறைமலை நகரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனார். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்றுகொண்டிருந்த பச்சைக் கம்பளத்தைப் பார்த்தார். பிளாஸ்டிக் புல். மொய்க் கவர் கொடுப்பதை விட்டுவிட்டுக் குனிந்து அதைத் தடவிப் பார்த்தாராம். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு துண்டு சாம்பிளே வைத்திருந்தார்.

“பாரு இசை. காயாது. தண்ணி கேக்காது. சீக்கிரம் தீப்பிடிக்காதுன்னு சர்டிஃபிகேட் இருக்கு. காத்துல பறக்காம ஒட்டிடலாம். வெள்ளம் வந்தா கழுவிக்கலாம். பிரசன்னா எழுதின அத்தனை ஆபத்தும் ஒரே அடியில க்ளோஸ்.”

“சார், அது புல்லே இல்ல.”

“அதான் சொல்றேன். ரூட் காஸே போயிடுது.”

அடப்பாவி மனுஷா என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிள்ளை முதல் மார்க் வாங்கிவிட்ட அப்பா மாதிரி இருந்தார்.

“உனக்குக் கையெழுத்து வேணுமா, வேணாமா?” என்றார்.

வேண்டும். அதற்காகத்தானே இவ்வளவு நாளும். நான் வேறு ஒரு கணக்குப் போட்டேன். ஆடிட்டர் நேரில் வரப் போகிறார். வந்து அதன் மேல் ஒரு அடி வைத்தால் போதும், செருப்புக் காலுக்கே தெரிந்துவிடும். என்ன கண்றாவி இது என்று கேட்பார், எடுத்துப் போடுங்கள் என்பார். கம்பளத்தைச் சுருட்டினால் அடியில் மண் இருக்கும், வேர் இருக்கும், ஒரு மழை போதும். பாயிண்ட் க்ளோஸ் ஆகட்டும், ஆடிட்டர் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ரோலர் ஓட்டினார்கள். கல் உடைக்கும் கிரஷர் மண் கொட்டிச் சமன் செய்தார்கள். அதன் மேல் ஜம்மென்று கம்பளம் விரிந்தது. அன்றைக்கு ஸ்கூட்டர் ஷெட்டில் நின்று ஐந்து நிமிடம் நன்றாக அழுதேன். செக்யூரிட்டி வந்து ஏன் மேடம், பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.

ஸ்ரீதர் சாரை விட்டால், கம்பளத்தால் நிஜமாகவே சந்தோஷப்பட்டவள் கிளியம்மாள் ஒருத்திதான். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வரும் தோட்ட வேலைக்காரி, ஒப்பந்த ஆள். கிளியக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

“இன்னாமா நீ, இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? நல்லாத்தான கீது. களை புடுங்க வாணாம். முள்ளு குத்தாது. தொடப்பத்தால பெருக்கினா முடிஞ்சுது வேலை.”

“புல்லைப் பெருக்குவியா கிளியக்கா?”

“சம்பளம் குடுத்தா மேகத்தையே பெருக்குவேன்,” என்று சொல்லிவிட்டுப் பெருக்கினாள்.

ஆடிட்டுக்கு நான்கு நாள் முன்பு மெயில் வந்தது. விமானத்தில் வந்தால் கரிப்புகை கூடும், அது காலநிலைக்குக் கேடு. ஆகையால் ஆடிட்டர் அம்மையார் நேரில் வரமாட்டார். வீடியோ காலில் பார்ப்பார். போனைப் பிடித்துக்கொண்டு புல்வெளியில் நடக்க, அதைப் பற்றி நன்கு தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்யவும். அந்த ஒருவர் நான்தான்.

படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் நம்பிக்கொண்டிருந்த ஒரு ஜோடிக் கால், வீட்டிலேயே நின்றுவிட்டது.

ஆடிட் அன்று சரியான வெயில். கம்பளம் தோசைக்கல் மாதிரி கொதித்தது. ஸ்ரீதர் சாரும் மற்ற மேனேஜர்களும் ஓரத்தில் குடை பிடித்து வரிசையாக நின்றார்கள். நான் போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு நடந்தேன். சிறிய திரையில் அம்மையார் முகம். அவருக்குப் பின்னால் ஒரு ஜன்னல், அதில் நிஜ மரம். “ஓ, எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது! உங்கள் ஊரில் இந்த மாதம் நாற்பது டிகிரிக்கு மேல் என்று படித்தேன். ஒரு புல் கூடக் காயவில்லையே!” என்றார் ஆங்கிலத்தில்.

ஸ்ரீதர் சார் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. நடுவில் நின்றேன். குனிந்தேன். இரண்டு துண்டு சேரும் இடத்தில் விளிம்பைப் பிடித்து இழுத்து, அடியில் இருக்கும் கருப்பு வலைத் துணியைப் போனுக்கு நேராகக் காட்டினேன். “மேடம், இது பிளாஸ்டிக். புல்வெளி இதற்கு அடியில் இருந்தது. இதோ, இங்கே,” என்றேன்.

குடைகள் அசையவில்லை. திரையில் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

“நீங்கள் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதற்கு நன்றி,” என்றார். “ஒரே ஒரு கேள்வி. மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்தானே?”

“நூறு சதவீதம், மேடம்!” என்று ஓரத்திலிருந்து ஸ்ரீதர் சார் கத்தினார்.

“அருமை,” என்றார் அம்மையார்.

அப்புறம் அவர் தன் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். நிலத்தைப் பசுமைப் பரப்பு மூடியிருக்கிறதா? மூடியிருக்கிறது. தண்ணீர்ச் செலவு? இல்லை. தீ ஆபத்து? குறைவு. வறட்சியைத் தாங்குமா? தாங்கும். கட்டடம் உண்டா? கிடையாது. ஒரு கேள்வியில் கூட அது உயிரோடு இருக்கிறதா என்று இல்லை. இருக்கும், அடுத்த கேள்வியில் இருக்கும் என்று கடைசி வரைக்கும் காத்திருந்தேன்.

கையெழுத்து விழுந்தது. நான் மூன்று வருடம் தவம் கிடந்த அதே கையெழுத்து. முப்பது வருடத்துக்கு, தற்போது இருக்கும் நிலையிலேயே அந்தப் புல்வெளி காக்கப்பட வேண்டும். யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாது. கம்பளத்தையும் எடுக்க முடியாது. மைசூர்பாகு கொடுத்தார்கள். வெளிப்படைத்தன்மைக்காக என்று எனக்கு ஒரு கோப்பையும் கொடுத்துக் கை தட்டினார்கள். பலகையிலிருந்து பாயிண்டை அழித்த அன்று ஸ்ரீதர் சார் இரண்டு சாப்பாடு சாப்பிட்டார்.

ஆடி பிறந்ததும் சாயங்கால மழை ஆரம்பித்தது. நான்கு மழை போதும், நம் ஊர் மண் சும்மா இருக்காது. ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் புல். லாரி நிற்கிற மண்ணில், சக்கரத் தடத்துக்கு நடுவில் புல். படப்பை பிளாட்டுகளில் நட்டிருக்கும் எல்லைக் கல்லைச் சுற்றிப் புல். டிரெய்லர்காரர்களுக்கு வெளியே ஒரு காலி இடம் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள், அங்கேயும் புல். ஸ்கூட்டரில் வரும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவேன். எங்கள் பாதுகாக்கப்பட்ட புல்வெளியில் மட்டும் கிளியக்கா துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் செக்யூரிட்டி வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். “மேடம், புல்வெளியில புல்லு வந்துருக்கு.”

ஓடினேன். ஆடிட் அன்று நான் இழுத்த அதே இடம் இல்லை, அதற்கும் தள்ளி, சுவர்ப் பக்கம். இரண்டு துண்டு சேரும் இடுக்கில் நான்கைந்து தாள். நுனி கொஞ்சம் சிவப்பாக, மெலிசாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத உயரத்தில். பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பளபளவென்று இருந்தது. இது அழுக்குப் பச்சை. ரோலர் ஓடி, கிரஷர் மண் விழுந்து, மூடி, வெந்து, அத்தனைக்கும் அடியிலிருந்து வந்திருந்தது.

கிளியக்கா அரிவாளோடு வந்து நின்றாள். ஏசுவடியான், கம்பளத்தை மறுபடி ஒட்டுவதற்குப் பசை டப்பாவும் வெட்டும் கத்தியுமாக வந்து நின்றார். போனில் ஸ்ரீதர் சார்.

“இசை, ப்ரொடெக்டட் ஏரியாவுல ஆக்கிரமிப்பு வந்திருக்குன்னு ரிப்போர்ட் வந்துது. தற்போதைய நிலையிலயே வச்சிருக்கணும்னு கையெழுத்து போட்டிருக்கோம். மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டு போட்டோ அனுப்பிடு.”

“சார், புல்வெளியில புல் முளைச்சிருக்கு. அதுதானே சார் நமக்கு வேணும்?”

“எமோஷனல் ஆகாத. பாயிண்ட் ஓப்பன் ஆயிடும்,” என்று வைத்துவிட்டார்.

கிளியக்கா என் முகத்தைப் பார்த்தாள். “இன்னாமா, அறுத்துடட்டா? நா அறுக்கலன்னா வேற ஆளக் கூப்புடுவாங்க. அப்பறம் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது.”

“நீ போய் டீ குடி கிளியக்கா.”

“சார் கேட்டா?”

“இசைவாணி அனுப்பினான்னு சொல்லு. சத்தமாச் சொல்லு.”

அவள் போனாள். நான் ஏசுவடியானிடம் கையை நீட்டினேன். அவர் கத்தியைக் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“நான் ஒண்ணும் பாக்கலை மேடம். ஆனா, குறுக்க கிழிச்சிராதீங்க. நூல் போற போக்குல நீளமாப் போங்க. அப்பதான் ஒட்டுததுக்கு ரொம்ப நாளாவும்,” என்றார்.

நீளமாகவே போனேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். கத்தி முதலில் வழுக்கியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. கம்பளம் சர்ரென்று கிழிந்து இரண்டு பக்கமும் சுருண்டது. அடியில் ஈர மண் வாசனை. முட்டி வலித்தது, உள்ளங்கை கொப்பளித்தது. இத்தனை வருடம் அந்தக் கம்பெனியில் நான் செய்த வேலைகளில் அன்றைக்குச் செய்ததுதான் வேலை என்று தோன்றியது. கேமராவில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருப்பது தெரியும். ஒரு தடவை நிமிர்ந்து அதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டேன்.

அன்று மாலையே சஸ்பெண்ட் செய்தார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரிக்க வெளியிலிருந்து திருமலை என்று ஒரு வக்கீலை அமர்த்தியிருந்தார்கள். வயதானவர், நிதானமானவர். குற்றச்சாட்டை வாசித்தார்: பாதுகாக்கப்பட்ட புல்வெளிக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தது. இந்தத் தொழிற்பேட்டையிலேயே அந்தக் குற்றத்துக்கு முதல் ஆள் நான்தானாம். எதிரில் ஸ்ரீதர் சார் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“மன்னிப்புக் கடிதம் ஒண்ணு குடுத்துட்டீங்கன்னா, எச்சரிக்கையோட முடிச்சுக்கலாம்னு கம்பெனி சொல்றாங்கம்மா,” என்றார் வக்கீல்.

“எதுக்கு சார் மன்னிப்பு?”

“சேதத்துக்கு.”

“எவ்வளவு சேதம்னு பார்த்தீங்களா?”

அவர் பைலைப் புரட்டி ஒரு போட்டோவை எடுத்தார். அன்று காலையில் எடுத்ததாம். வாங்கிப் பார்த்தேன். வழவழவென்ற பச்சைக்கு நடுவில், ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவர் வரைக்கும் ஊசிப்புல் கோணல்மாணலாக நின்றுகொண்டிருந்தது. ஒட்டுகிற ஆட்கள் மழையால் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

வக்கீல் பேனாவைத் திறந்தார். “சேதத்தோட அளவை உங்க வாயாலயே சொல்லுங்கம்மா. எழுதிக்கணும்.”

“ஒரு முழ அகலத்துக்குப் புல் முளைச்சிருக்கு சார்.”

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மன்னிப்புக் கடிதம் நான் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் பணிநீக்க உத்தரவு வீட்டுக்கு வந்தது. பொய்யாக ஒரு வார்த்தை கிடையாது. காலநிலையால் பாதிக்கப்படாதபடி காக்கப்பட்டு வந்த புல்வெளியில், புல் முளைக்கக் காரணமாக இருந்ததற்காக என்னை வேலையிலிருந்து நீக்குவதாக எழுதியிருந்தார்கள்.